புதுப் போர்வை

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அமர்வில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமை ஆசிரியனைப் பேச அழைத்தால், அவன் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. 25 ஆண்டுகளில் நம் சங்கத்தின் உதவித்தொகையால் படித்து உயர்ந்தவர்களின் வரலாற்றைச் செயலாளர் தம் அறிக்கையில் அழகாக எடுத்துரைத்துவிட்டார். ஆகவே அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. போர்வையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைப் பார்க்கிறேன். அரும்பட்டும்.

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஒரு முன்மொழிவு வந்தது. வெள்ளி விழாவின் நினைவாக நகரத்து வீடுகளில் பழைய துணிமணிகளையும் பழைய போர்வைகளையும் திரட்டி, விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகளுக்கு மார்கழிக் குளிர் தொடங்குமுன் வழங்கலாம் என்பது அது. நல்ல உள்ளத்தோடு சொல்லப்பட்ட யோசனை. எல்லாரும் தலையசைத்தார்கள். எதிர்த்துப் பேசியவன் நான் ஒருவனே. ஏன் எதிர்த்தேன் என்று அன்று தெளிவாகச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. சொல்லும்போதே குரல் தடுமாறிவிட்டது. அதை இன்று ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

1982ஆம் ஆண்டு நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டு ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். எந்த ஊர் விடுதி என்பது இப்போது வேண்டாம். சன்னல்களுக்குக் கதவு இல்லை. இரண்டு பேருக்கு ஒரு பாய். அந்த ஆண்டு மார்கழியில் அவ்வூர்ப் பெரிய மனிதர் ஒருவர் எங்களுக்குப் போர்வை வழங்கினார். பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்துத் தோளில் போர்த்தினார். படம் எடுப்பவர் சொல்லும்வரை அசையாமல் நிற்க வேண்டும் என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நின்றோம். எனக்குக் கிடைத்த போர்வையில் அந்துருண்டை நாற்றம் அடித்தது. ஒரு மூலையில் சிவப்பு நூலால் இரண்டு ஆங்கில எழுத்துகள் தைக்கப்பட்டிருந்தன. மறுநாள் என் வகுப்புத் தோழன் ஒருவன் விடுதிப் பக்கம் வந்தவன், கொடியில் காய்ந்த அந்தப் போர்வையை அடையாளம் கண்டுகொண்டான். “இது எங்கள் தாத்தாவுடையது; சாகும்போது இதைத்தான் போர்த்தியிருந்தார்” என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவனும் சிறுவன், தாத்தாவின் நினைவில் சொன்னான். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அதைத் தொடவில்லை. என் ஆயா பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் கொடுத்திருந்த விரிப்பையே மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு காலை மடக்கிப் படுத்தேன்.

பிற்காலத்தில், ஆசிரியப் பணியில் சேர்ந்த பிறகு, மனுதர்மத்தின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்தேன். சண்டாளர் எனப்பட்டோர் ஊருக்கு வெளியே வாழ வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், பிணத்தின் ஆடையை உடுத்த வேண்டும் என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. படித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெரிய மனிதர் மனுதர்மத்தைப் படித்தவர் அல்லர். அறம் செய்வதாகவே எண்ணியிருப்பார். ஆயினும் விதி எழுதியவன் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் விதி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகத் நகரில் அந்நூலை எரியூட்டியபோது, அங்கே கூடியிருந்த நம் தாய்மார்களிடம் சேலை உடுத்தும் முறையைப் பற்றியும் தனியே பேசினார் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். உடுத்தும் பாங்கைக் கண்டே இன்ன சாதி என்று பிறர் அறியும்படி இருத்தல் கூடாது என்பது அவர் கருத்து. உடைக்கும் மானத்துக்கும் உள்ள தொடர்பு நமக்குச் சிறு செய்தி அன்று.

அப்படியானால் பிள்ளைகள் குளிரில் நடுங்கட்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். தாயும் தந்தையும் செங்கற்சூளைக்குப் போய்விட, அவள் விடுதியில் இருந்தாள். தாயின் சேலைத் துண்டு ஒன்றைப் புத்தகப் பைக்குள் எப்போதும் வைத்திருப்பாள். அழுக்குத் துணி என்று அதை எறியச் சொன்னவர்கள் உண்டு. எறிந்தால் அவள் பள்ளிக்கே வரமாட்டாள் என்று வகுப்பாசிரியை எனக்குச் சொன்னார். எறிய வேண்டாம், துவைத்துக் கொடுங்கள் என்றேன். அவள் துவைக்கவும் விடவில்லை. சேலையிலுள்ள மணம் போய்விடும் என்றாள்.

பி.எட். படிக்கும்போது ஹாரி ஹார்லோவின் குரங்குச் சோதனையைத் தேர்வுக்காக உருப்போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பிக்கூடு. அதில் பால் கிடைக்கும். மற்றொன்று மெத்தென்ற துணி சுற்றியது. அதில் பால் இல்லை. குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பித் தாயிடம் போய்விட்டு, மீதிப் பொழுதெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. அச்சமூட்டினால் துணித் தாயிடமே ஓடின. 1958இல் இதை அவர் வெளியிட்டார். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தது கொடுமை என்று பின்னர் பலர் கண்டித்தனர், அக்கண்டனம் சரியே. ஆனால் அந்தச் சேலைத் துண்டைக் கண்ட அன்றுதான் தேர்வில் நான் எழுதிய விடைக்கு எனக்கே பொருள் விளங்கிற்று. நம் விடுதிகள் சோறு போடுகின்றன. அது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவை பெரும்பாலும் கம்பித் தாய்கள்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவில் ‘பீனட்ஸ்’ என்றொரு சித்திரக் கதை 1950ஆம் ஆண்டு முதல் 2000ஆம் ஆண்டு வரை நாளிதழ்களில் வந்தது. சார்லஸ் ஷூல்ஸ் என்பவர் வரைந்தது. அதில் லைனஸ் என்னும் சிறுவன், கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு ஒரு போர்வையை எங்கும் இழுத்துக்கொண்டு திரிவான். அவன் பெயரைத் தாங்கிய ஒரு தொண்டு இயக்கம் உண்டு. ‘பிராஜெக்ட் லைனஸ்’ என்பது அதன் பெயர். அது தோன்றிய வரலாறு எளியது. 1995ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ‘பரேடு’ என்னும் இதழில் எடி ஆடம்ஸின் படங்களோடு குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை வந்தது. வியட்நாம் போரின்போது சைகோன் தெருவில் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுவதைப் படமெடுத்து உலகை உலுக்கிய அதே ஆடம்ஸ்தான். இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடும் மருத்துவம் பெற்றுவந்த ஒரு சிறுமியைப் பற்றி அதில் இருந்தது. தன் போர்வைதான் அந்த நாள்களைக் கடக்கத் துணையாக இருந்தது என்று அக்குழந்தை சொல்லியிருந்தாள். கொலராடோ மாநிலத்தில் வாழ்ந்த கேரன் லவுக்ஸ் என்னும் பெண்மணி அதைப் படித்துவிட்டு, டென்வர் நகரிலிருந்த குழந்தைகள் புற்றுநோய் மருத்துவ நிலையத்துக்குக் கையால் செய்த போர்வைகளைக் கொடுப்பது என்று முடிவு செய்தார். அவ்வளவே. அந்தச் சிறு முடிவு, இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் கிளைகளாகப் பரவி நிற்கிறது. இதுவரை 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகள் குழந்தைகளைச் சென்றடைந்திருக்கின்றன. நோயுற்ற குழந்தைகள், வீடு எரிந்த குழந்தைகள், பெற்றோரைப் பிரிந்து பிறர் காப்பில் வளரும் குழந்தைகள் என, கைக்குழந்தை முதல் 18 வயது வரை எவர்க்கும் தருகிறார்கள்.

இந்த எண்ணிக்கை அல்ல என்னைக் கவர்ந்தது. அவர்கள் வைத்திருக்கும் விதிகள்தாம். போர்வை புதியதாக இருக்க வேண்டும். கையால் ஆக்கியதாக இருக்க வேண்டும். பின்னலாம், தைக்கலாம், ஓரங்களை முடிச்சிடலாம், ஆனால் கடையில் வாங்கி அப்படியே கொடுத்தல் ஆகாது. துவைத்தால் நிறமும் வடிவமும் கெடாத துணியாக இருக்க வேண்டும். ஊசி எதுவும் உள்ளே தங்கிவிடக் கூடாது. புகை நாற்றம் கூடாது. நோயுற்ற குழந்தையின் மூச்சுக்கு அது ஆகாது. கொடுத்த போர்வை அக்குழந்தைக்கே உரியது. மருத்துவமனையை விட்டுப் போகும்போது திருப்பித் தர வேண்டுவதில்லை. தைத்தவர் இன்னார் என்பது பெரும்பாலும் குழந்தைக்குத் தெரியாது. மேடை இல்லை, தோளில் போர்த்தி நிற்க வைத்துப் படமெடுத்தல் இல்லை. மருத்துவரோ தாதியோ சமூகப் பணியாளரோ கொண்டுபோய்க் கொடுக்கிறார். இந்த விதிகளை நான் முதலில் படித்தபோது, 1982ஆம் ஆண்டு எங்கள் விடுதிப் பந்தலை நேரில் பார்த்த எவரோ எழுதிவைத்தது போலத் தோன்றிற்று.

நான் இதுவரை சொன்னதைக் கேட்டு, பழைய துணி என்றாலே இழிவு என்று இவன் கருதுகிறான் என நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து நான் கற்ற ஒரு செய்தி அந்த முடிவை எனக்குள்ளேயே உடைத்துவிட்டது.

அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஓர் ஊர். ஜீஸ் பெண்டு என்பது பெயர். அங்கே வாழ்வோர் அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இன்றும் பெட்வே என்னும் பெயரைத் தாங்கியிருக்கிறார்கள். அது அவர்தம் முன்னோரை உடைமையாக வைத்திருந்த பண்ணையாரின் பெயர். ஆண்டையின் பெயரைச் சுமப்பது எத்தகையது என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்றுப் புகும் மரக் குடிசைகளில் பிள்ளைகள் குளிரில் விறைக்காதிருக்க, அவ்வூர்ப் பெண்கள் கிழிந்த கால்சட்டை, மாவுச் சாக்கு, தேய்ந்த சட்டை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி இணைத்துக் கனத்த போர்வைகளாகத் தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி 1942இல், தம் கணவர் இறந்த பின், வயலில் அவர் உடுத்திய உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவோடு அதனுள் உறங்குவதற்காக. அதுவும் இறந்தவர் ஆடைதான். ஆனால் அதற்கும் என் தோளில் விழுந்ததற்கும் இடையே உள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள்.

அந்த மக்கள் வாக்குரிமை கேட்டபோது, 1962இல் அவர்களை ஆற்றின் மறுகரையிலுள்ள நகருக்குக் கொண்டுசெல்லும் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். மீண்டும் அது வந்தது 2006ஆம் ஆண்டில், 44 ஆண்டுகள்! இடையில் 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் கூடி ‘பிரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவை அமைத்துப் போர்வைகளை விற்றார்கள். குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அந்த வருவாய் கைகொடுத்தது. 2002இல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய கலைக்கூடங்களின் சுவர்களில் ஓவியம்போல் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல் தலைகளாக வெளியிட்டது. என் ஆயா தைத்த விரிப்பும் அத்தகையதுதான். அதை நான் காக்கவில்லை. கல்லூரிக்குப் போகும்போது வெட்கப்பட்டு வீட்டிலேயே விட்டுவிட்டேன். பின்னர் அது எங்கே போயிற்று என்று கேட்கவும் இல்லை. அதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே துணியின் வயது அல்ல பொருட்டு. அதன்மேல் ஒருவர் கை உழைத்திருக்கிறதா என்பதே. வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொடுப்பது ஒன்று. ஒரு குழந்தையை மனத்தில் நிறுத்திப் பல நாள் அமர்ந்து தைத்துக் கொடுப்பது மற்றொன்று.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம் ஊருக்கு ஒத்துவருமா என்று ஐயுறுவோர்க்கு அண்மை எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2016 ஜனவரி 31ஆம் நாள், சென்னையை அடுத்து ஒரு போர்வை விரிக்கப்பட்டது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் பெண்கள் குழு, கொக்கி ஊசியால் பின்னிய சதுரங்களைச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புக்கு இணைத்தது. கின்னஸ் நூலில் உலகிலேயே பெரியது என்று அன்று பதிவாயிற்று. பலர் அந்தச் சாதனையைத்தான் பேசினார்கள். அதன் பிறகு அதைப் பிரித்துத் தனித்தனிப் போர்வைகளாக ஆக்கி எளியோர்க்கு வழங்கினார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது. பெரும்பாலும் வீட்டு வேலைகளுக்கிடையே பின்னிய பெண்கள் அவர்கள்.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். நம் பொருளாளர், போர்வை தைக்கும் பணத்தில் ஒரு மாணவனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாமே என்றார். உதவித்தொகை நிதியிலிருந்து ஒரு காசும் இதற்கு எடுக்கக் கூடாது என்பதே என் நிலையும். தையற்கடைகளில் மிஞ்சும் துண்டுகளும் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துணிகளும் எடைக்கு வாங்கக் கிடைக்கின்றன. உடுத்திக் கழித்தவை அல்ல. புதுத் துணியின் துண்டுகள். உள்ளே வைக்கவும் புதிய பருத்தித் துணியே வேண்டும். அதற்கான செலவை விரும்புவோர் தனியே தருவோம்.

மகளிர் அணித் தலைவி அம்மையார் வேறொரு கேள்வி கேட்டார், அதுவே கூர்மையானது. கூலியில்லாத வேலை என்றால் ஏன் எப்போதும் பெண்கள் தலையில் விழுகிறது என்றார். உண்மை. இதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. துணி வெட்டுவதும் அடுக்குவதும் ஓட்டுத்தையல் போடுவதும் ஆண்களும் செய்ய வேண்டும். தையற்கலைஞர்கள் பலர் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களில் ஆண்களே மிகுதி. நானும் வருகிறேன். என் தையல் கோணலாக இருக்கும். பிரித்துத் திருத்தித் தைக்கப் பொறுமை உண்டு.

கடைசியாக ஒரு கருத்து வேற்றுமை. இதில் நம் செயலாளரோடு நான் உடன்படவில்லை. அவர் என் மாணவர் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். விடுதிப் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி, அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கும் சாதி பாராமல் கொடுப்போம் என்று நான் சொன்னபோது அவர் மகிழ்ந்தார். ஆனால் போர்வையில் சங்கத்தின் பெயரைத் தைக்க வேண்டாம் என்றார். நம் கை பட்டது என்று தெரிந்தால் சிலர் வாங்கமாட்டார்கள், அதனால் ஒரு குழந்தை குளிரில் கிடக்கலாகாது என்பது அவர் கவலை. அந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த நம் சமூகத்துச் சகோதரியின் கையால் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சிலர் திரண்டதையும், அவரை இடம் மாற்றிப் பின்பு போராட்டத்துக்குப் பிறகு அம்மாற்றத்தை நீக்கியதையும் நாம் படித்தோம். சமைத்த சோற்றுக்கே அந்நிலை என்றால், உடம்பில் போர்த்தும் துணிக்கு எப்படி இருக்குமோ என்று அவர் எண்ணுகிறார்.

எனினும் பெயரைத் தைக்க வேண்டும் என்பதே என் கருத்து. பெரிதாக வேண்டாம், ஒரு மூலையில், இரண்டு விரல் அகலத்தில் ஒரு நாடா. பிராஜெக்ட் லைனஸ் போர்வைகளிலும் அவர்களுடைய சிறு சீட்டு இருக்கும். வாங்க மறுப்பவர் மறுக்கட்டும். அருகிலுள்ள கட்டிலில் இன்னொரு குழந்தை இருக்கும். மறைத்துக் கொடுத்தால், கொடுக்கும் போதும் நாம் ஊருக்கு வெளியேதான் நிற்கிறோம் என்றாகும். என் போர்வையின் மூலையில் யாரோ ஒருவர் எழுத்துகள் இருந்தன. அவை உடைமைக்காரரின் எழுத்துகள். நாம் தைப்பது செய்தவர்களின் பெயர். இரண்டும் ஒன்றல்ல. செயலாளர் தலையை ஆட்டுகிறார். இசைவாகவா மறுப்பாகவா என்று தெரியவில்லை. செயற்குழு கூடி முடிவு செய்யட்டும்; முடிவு எதுவாயினும் நான் தைக்க வருவேன்.

முதல் 25 போர்வைகளைத் தை மாதத்துக்குள் முடிக்க எண்ணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் மாடியில் கூடுவோம். தையல் இயந்திரம் நான்கு இருக்கின்றன. இன்னும் இரண்டு வேண்டும். ஐந்தடி நீளம், நான்கடி அகலம் என்று அளவு வைத்திருக்கிறோம். கைக்குழந்தைகளுக்கு அதில் பாதி. கத்தரிக்கோலை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டுகிறேன். சங்கத்தில் இருப்பது காகிதம் வெட்டவே திணறுகிறது. வந்து வேலையைத் தொடங்குமுன் ஊசிகளை எண்ணி எடுத்துக்கொள்வோம். முடிந்ததும் எண்ணித் திருப்பி வைப்போம்.